பச்சை வளையம் போட்ட டியூப் லைட்

அத்தியாயம் 4

சகாயசெல்வி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கிணற்றின் உள்படிகளில் எல்லாம் உடைந்த டியூப் லைட் சில்லுகள். தண்ணீரின் மேல் வெள்ளைப் பொடி ஏடு கட்டி நின்றது. சுற்றிலும் செவ்வந்தி மொட்டு வைத்து நிற்கிறது, இன்னும் இரண்டு தண்ணீர் காட்டினால் பூத்துவிடும். காட்டத்தான் தண்ணீர் இல்லை. எந்தப் பாதகன் இதைச் செய்தானோ அவனைச் சும்மா விடக் கூடாது என்று செல்வி கிணற்று மேட்டிலேயே முடிவு பண்ணிவிட்டாள்.

செல்விக்கு முடிவு பண்ண அதிக நேரம் பிடிக்காது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் போலீஸில் இருந்தாள். ஒரு பெரிய மனுஷனை விட்டுவிடச் சொன்ன மேலதிகாரியின் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். அந்தப் பெரிய மனுஷன் இன்றைக்கும் ஊருக்குள் காரில் போகிறான். காரின் நம்பர் செல்விக்கு மனப்பாடம். கறுவு வைத்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவள்.

"அக்கா, இதுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுத்தோம்னா சாணார்பட்டி பூரா திருவிழாதான்" என்றான் நாசர்.

நாசர் அவளுடைய உதவியாள், பேகம்பூர்க்காரன். கைக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்க்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். செல்வி திரும்பி ஒரு முறை முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். அது செத்த நேரத்துக்குத்தான் தாங்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

தோட்டக்காரி பொன்னழகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். நேற்று ஆபீஸுக்கு வந்து அழாமல் கொள்ளாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனவள் இவள்தான். யாரோ இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள், விடிந்து தோட்டத்துக்கு வந்தபோதுதான் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், உடைஞ்ச பல்புக்கெல்லாம் கேஸ் போட முடியுமா, பஞ்சாயத்து ஆபீஸில் சொல்லும்மா என்று அனுப்பிவிட்டார்களாம்.

மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். டியூப்பின் நுனி அது. அலுமினிய மூடி, அதில் இரண்டு ஊசி, மூடியோடு ஒட்டிக்கொண்டு விரல் நீளத்துக்குக் கண்ணாடி. மூடியைச் சுற்றிப் பச்சைப் பெயிண்டில் ஒரு வளையம். கிணற்றில் கிடக்கிற நுனி எல்லாவற்றிலும் இந்த வளையம் இருக்கிறது என்றாள்.

"ஆளை மட்டும் காட்டிக் குடுங்கக்கா. அவன் வீட்டுல இனிமே ஒரு விளக்கு எரியக் கூடாது."

யார் மேல் சந்தேகம் என்று செல்வி கேட்டாள். யார் மேலும் இல்லை என்றாள் பொன்னழகு. பங்காளி தகராறு? இல்லை. வரப்புச் சண்டை, பாதைச் சண்டை? அதுவும் இல்லை. செல்வி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் கண் மட்டும் மோட்டார் ரூம் பக்கம் போயிற்று. கிணற்றுக்குள் கிடக்க வேண்டிய நீர்மூழ்கி மோட்டார் உள்ளே சாக்கு விரித்து அலுங்காமல் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டதற்கு, காயில் கருகிப் போய்விட்டது, போன வாரம்தான் மேலே தூக்கினோம் என்று பட்டென்று பதில் வந்தது.

பொன்னழகின் தம்பி அழகுராஜா டீ கொண்டு வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும், நல்ல வாட்டசாட்டமான பையன். கிளாஸில் பாதிக்குத்தான் டீ இருந்தது. கையில் கொடுக்காமல் தொட்டிக் கட்டையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். வைக்கும்போது கிளாஸ் கல்லில் கடகடவென்று ஆடியது.

"காலையிலேயே ஆரம்பிச்சாச்சு போல" என்று நாசர் முணுமுணுத்தான். அது பொன்னழகு காதில் விழுந்துவிட்டது.

"என் தம்பி குடிக்க மாட்டான்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் நாசர் குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அழகுராஜா யாரையும் பார்க்காமல் செவ்வந்திக்குள் இறங்கிப் போய்விட்டான்.

பைக்கில் ஏறியதும் செல்வி அந்த நுனியை நாசரிடம் காட்டி, இந்த வளையம் என்னவாக இருக்கும் என்று கேட்டாள். நாசரின் மாமு ஒருத்தர் ரேடியோ செட் வைத்திருந்தவர், அதனால் பட்டென்று சொல்லிவிட்டான். திருவிழா என்றால் ஒரே ஊருக்கு மூன்று நான்கு ரேடியோ செட்காரர்கள் வருவார்கள். ரோடு பூராவும் கம்பம் நட்டு டியூப் லைட் கட்டுவார்கள். அவிழ்க்கும்போது உன் லைட்டு, என் லைட்டு என்று அடிதடி வராமல் இருக்க, ஒவ்வொருத்தரும் தன் டியூப்பின் மூடியில் ஒரு நிறத்தில் வளையம் போட்டு வைத்திருப்பார்கள். மாமுவுக்குச் சிவப்பு.

"பச்சை, சித்தையன்கோட்டை உடையப்பன் ரேடியோஸ். கல்யாண வீட்டுல பொண்ணு மாறிப் போனாலும் போகும், இந்த வளையம் மாறாதுக்கா."

"அப்பன்னா வண்டியை அங்க விடு."

உடையப்பன் ரேடியோஸ் என்ற பழைய போர்டுக்கு மேல் இப்போது புதுப் போர்டு தொங்கியது. பழைய டியூப் லைட், பல்புகளைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தித் தருகிறோம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எல்லாரும் எல்இடிக்கு மாறிய பிறகு திருவிழா டியூப்புக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. உடையப்பன் கெட்டிக்காரர், வாடகைக்குக் கொடுத்த பொருளை வாங்கிச் சேர்க்கிற தொழிலுக்கு மாறிக்கொண்டார். மில்லு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே பழைய டியூப்பைக் கழற்றினாலும் இவருடைய வேன்தான் போய் ஏற்றிக்கொண்டு வரும்.

வெள்ளை வேட்டி, தோளில் டவல், நெற்றி நிறைய விபூதி. மில்லிலிருந்து வருகிறோம் என்று செல்வி சொன்ன பொய்யை நம்பி உட்காரவைத்துப் பாடமே எடுத்துவிட்டார். டியூப் லைட்டையும் சுருள் பல்பையும் குப்பையில் போடவே கூடாது. உள்ளே பாதரசம் இருக்கிறது. உடைந்தால் ஆவியாகி மூச்சில் ஏறும், நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். வீட்டில் ஒன்று கை தவறி உடைந்தால்கூட ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், துடைப்பத்தால் கூட்டக் கூடாது, அட்டையால் அள்ளி மூடி போட்ட டப்பாவில் அடைக்க வேண்டும். அவர் ஒன்றைக்கூட உடைக்க மாட்டாராம். முழுசாக அட்டைப் பெட்டியில் அடுக்கி, மெஷின் வைத்திருக்கிற கம்பெனிக்கு அனுப்பிவிடுவாராம்.

சொன்னதெல்லாம் சரிதான், ஒரு வார்த்தை தப்பில்லை. முன்ரூமில் அட்டைப் பெட்டிகளும் வரிசையாகத்தான் இருந்தன. மேல் பெட்டியில் விரலால் கோலம் போடலாம், அம்புட்டு தூசி. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பட்டப்பகலில் ஷட்டரை இறக்கி வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்து அம்மன் பாட்டு காதைப் பிளந்தது. கோயில் கொடையா என்று செல்வி கேட்டாள். சும்மா ஸ்பீக்கர் செக் பண்ணுறாங்க மேடம் என்று உடையப்பன் சிரித்தார்.

தண்ணீர் கொண்டு வந்தவன் சிலுவைமுத்து என்று ஒரு வேலையாள். கொட்டகைப் பக்கத்திலிருந்து வந்தான். சொம்பில் பாதிக்குத்தான் தண்ணீர். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தான். வைக்கும்போது சொம்பு கடகடவென்று ஆடியது. செல்வி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாசர், காலை நீட்டி உட்கார வாகாகச் சுவரோரம் கிடந்த ஒரு சாக்கு மூட்டையில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் யா அல்லாஹ் என்று துள்ளி எழுந்தான். பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, மூட்டையில் முள்ளம்பன்றி வளர்க்கிறீங்களா அண்ணாச்சி என்று கேட்டான். உடையப்பன் முகம் ஒரு கணம் மாறியது. பழைய இரும்பு என்று சொல்லி மூட்டையைக் காலால் தள்ளிவிட்டார்.

செல்வி பச்சை வளையம் போட்ட நுனியை எடுத்து மேஜையில் வைத்து, சாணார்பட்டியில் ஒரு கிணற்றில் கிடந்தது என்றாள். அதைப் பார்த்ததும் உடையப்பன் பதறுவார் என்று எதிர்பார்த்தாள், அவர் பதறவில்லை. அது தன்னுடைய பழைய அடையாளம்தான், திருவிழா வேலையை விட்டதோடு பெயிண்டையும் விட்டாயிற்று, யாரோ தன் பேரைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"சாணார்பட்டிப் பக்கத்துல ஒரு குடிகாரப் பய இருந்தான் மேடம். நான்தான் வேலையை விட்டுத் துரத்துனேன். அவன் அக்கா ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பார்த்தா. அங்கேயும் நான் சிரிச்சுட்டு வந்துட்டேன்."

இப்போதும் சிரித்தார். செல்வியும் சிரித்துவிட்டு எழுந்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ காலம் கெட்டுப்போச்சு என்று அர்த்தம், நாசருக்கு அது தெரியும்.

ஊரைத் தாண்டி ஒரு டீக்கடையில் நாசர் நின்றுகொண்டே டீ குடித்தான். உட்காருகிற நிலைமையில் அவன் இல்லை.

"ஆள் இவன்தான்கா. நாளைக்கே உள்ள தள்ளிரலாம்."

"ஏலே நாசரு, இந்தக் கண்ணாடி உடைஞ்ச விளிம்பைப் பாரு."

பார்த்தான். மூடியில் போட்ட பச்சைப் பெயிண்ட் வழிந்து கண்ணாடிக்கு இறங்கியிருந்தது. இறங்கியது மேலோடு நிற்காமல் உடைந்த விளிம்பைத் தாண்டி உள்பக்கமும் போயிருந்தது. டியூப் முழுசாக இருந்தபோது போட்ட வளையம் என்றால் உள்ளே எப்படிப் பெயிண்ட் போகும்? உடைந்த பிறகுதான் யாரோ வளையம் போட்டிருக்கிறார்கள். நாசர் அந்த நுனியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

செல்வி பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சம் தின்னர் வாங்கி, கைக்குட்டையில் நனைத்து அந்த மூடியைத் துடைத்தாள். பச்சை கரைந்து போனதும் அடியில் சிவப்பு எழுத்து தெரிந்தது. வேடசந்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு நூல் மில்லின் முத்திரை. மில் எலெக்ட்ரீஷியன்கள் டியூப்பை மாட்டுகிற அன்றைக்கே மூடியில் தங்கள் முத்திரையைக் குத்திவிடுவார்கள், கேரண்டிக்குள் போனால் மாற்றி வாங்குவதற்கு. அந்த மில்லின் பழைய டியூப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது உடையப்பனின் வேன்.

செல்விக்கு வந்த கோபத்தில் கைக்குட்டையைச் சாக்கடையில் வீசினாள். "நிஜமான ஆதாரத்து மேல பொய்யைப் பூசி வச்சிருக்காங்க. வண்டியைத் திருப்பு."

பொன்னழகு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். செல்வி சுற்றி வளைக்கவில்லை. கிணற்றில் ஒரு செருப்பு விழுந்தாலே வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வாயில் பத்துப் பேர் பெயர் வரும், உன் வாயில் ஒரு பெயரும் வரவில்லை என்றாள். கொட்டுவதற்கு முன்னாலேயே மோட்டார் பத்திரமாக மேலே வந்துவிட்டது என்றாள்.

"உன் கிணத்துல கொட்டுனது நீதான்."

பொன்னழகு மறுக்கவில்லை. மறுக்கிற பெண் இல்லை அவள். அழகுராஜா அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தான். பீப்பாய்க்குள் டியூப்பைப் போட்டு இரும்புக் கம்பியால் குத்தி உடைக்கிற வேலை. முகத்துக்கு ஒரு துணிகூடக் கிடையாது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று ஷட்டரை இறக்கி, பாட்டைச் சத்தமாகப் போட்டுவிடுவார்கள். மூடி எல்லாம் பழைய அலுமினியமாகக் காயலான் கடைக்குப் போகும், கண்ணாடியையும் மூடி கழறாத நுனிகளையும் கைவிட்ட கல்குவாரிக் குழியில் தள்ளுவார்கள். கொஞ்ச நாளில் அழகுராஜாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பல் ஈறு வீங்கியது. சொன்னது மறந்துபோனது. உடையப்பன் அவனைக் குடிகாரன் என்று சொல்லித் துரத்திவிட்டு, அதையே ஊர் பூராவும் பரப்பினான். கேட்டவர்கள் அவன் கையைப் பார்த்தார்கள், நம்பிவிட்டார்கள். நிச்சயம் பண்ணிய பெண்ணின் வீட்டார் மாற்றிய நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஸ்டேஷன்ல வச்சு என் தம்பியைப் பாத்து வாயை ஊதுடான்னு சொன்னாங்கக்கா. அதைப் பாத்து உடையப்பன் சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். குவாரிக் குழியில இருந்து அவன் கண்ணாடியைத்தான் மூட்டை மூட்டையா அள்ளிட்டு வந்தேன். கண்ணாடியில அவன் பேரு இல்லை. அதான் பச்சையைப் போட்டேன். கிணறு போனாப் போகட்டும்."

செல்விக்கு அவளைக் கட்டிப்பிடிப்பதா, கன்னத்தில் ஒன்று விடுவதா என்று தெரியவில்லை. பேர் இருந்தது, அதன் மேல்தான் நீ பெயிண்ட் அடித்திருக்கிறாய் என்று மில் முத்திரையைக் காட்டினாள். இதைக் கோர்ட்டில் வைத்தால் உடையப்பனின் வக்கீல் ஒரே நிமிஷத்தில் உன்னை உள்ளே தள்ளிவிட்டு அவனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றாள். பிறகு கிணற்றைக் காட்டினாள்.

"பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே ஊத்துதான பொன்னழகு? அவங்க வீட்டுப் பிள்ளைக கை நடுங்குனா யாரைப் போய்க் கேக்க?"

அதை மட்டும் பொன்னழகு யோசித்திருக்கவில்லை. அத்தனை நேரமும் நிமிர்ந்து இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். செல்வி அழவிட்டாள். அழுது முடித்ததும், குவாரிக் குழியைக் காட்டு, பழிவாங்குவதை ஒழுங்காகச் செய்வோம் என்றாள்.

குழியில் பெயிண்ட் படாத நுனிகள் கிடந்தன, அள்ள அள்ள மில்லின் சிவப்பு முத்திரை. செல்வி போன் போட்டதும் மில் மேனேஜருக்குக் குளிரெடுத்துவிட்டது. பாதுகாப்பாக அப்புறப்படுத்தியாயிற்று என்று உடையப்பன் தந்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டி வைத்திருக்கிறவர் அவர். மறுநாளே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு சித்தையன்கோட்டைக்கு வந்துவிட்டார்.

அம்மன் பாட்டு அன்றைக்கும் அலறிக்கொண்டிருந்தது. நாசர் நேராகப் போய் வயரைப் பிடுங்கினான். பாட்டு நின்றதும் உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து, அப்படியே கூடிவிட்டார்கள். அதிகாரி ஷட்டரைத் தூக்கச் சொன்னார். பீப்பாய், இரும்புக் கம்பி, வெள்ளைப் பொடி படிந்த தலையோடு சிலுவைமுத்து. முதலில் அவனை வெளியே கூப்பிட்டு, கொஞ்ச நேரம் காற்றாட விட்டார்கள். முன்ரூம் மூட்டையைக் கொட்டினால் அலுமினிய மூடிகள். இரும்பாம், இரும்பு.

உடையப்பன் அசரவில்லை. ஒன்றிரண்டு தானாக உடைந்தது, அதைத்தான் ஒதுக்குகிறோம், இதனால் ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று அதிகாரியிடம் அடித்துப் பேசினார். அப்போதுதான் கூட்டத்தில் பொன்னழகையும் அவள் தம்பியையும் பார்த்தார்.

"இந்தக் குடிகாரன் கையைக் காட்டி என்னை மாட்டப் பாக்குறாங்க சார். தன் கிணத்துல தானே கொட்டிட்டு நாடகம் போடுறா இவ."

"ஆமா" என்றாள் பொன்னழகு. "என் கிணத்துல நான்தான் கொட்டுனேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். கொட்டுனது இவரு சரக்கு."

கூட்டம் சலசலத்தது. செல்வி முன்ரூமுக்குப் போய்த் தூசி படிந்த பெட்டியிலிருந்து முழு டியூப் ஒன்றை எடுத்து வந்து உடையப்பன் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்கள்ல. உள்ள போங்க. நான் ஷட்டரை இறக்குறேன். இந்த ஒண்ணே ஒண்ணை மட்டும் உடைச்சுட்டு வாங்க."

உடையப்பன் டியூப்பைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். அவர் கை நீளவில்லை. செல்வி ஒரு எட்டு முன்னால் வைத்தாள், அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். உழைக்கிற பிள்ளைகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டியவனுக்கு, தன்னைப் போகச் சொன்னதும் கால் வரவில்லை. மனுஷன் பயத்தைத் தெரு பூராவும் பார்த்தது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

பொன்னழகு பொறுக்கமாட்டாமல் பாய்ந்து செல்வி கையிலிருந்த டியூப்பைப் பிடுங்கினாள். அவன் தலையிலேயே அடித்து உடைக்க ஓங்கிவிட்டாள். செல்வி தடுக்கவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தடுத்தது அழகுராஜா.

அக்காள் கையிலிருந்து டியூப்பை மெல்ல வாங்கினான். அவன் இரண்டு கையும் நடுங்கின, அதில் டியூப்பும் ஆடியது. இப்போது விழும், இப்போது விழும் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உடையப்பன் டவலால் மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினார். அழகுராஜா பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டான். டியூப் நுனி பெட்டி விளிம்பில் டிக் டிக் என்று தட்டியது. நாசர் உதவிக்குப் போகப் பார்த்தான், செல்வி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். டியூப் முழுசாகப் பெட்டிக்குள் போனது. அட்டை மூடியையும் அவனே மடக்கி மூடினான்.

எழுந்து நேராக உடையப்பன் முன்னால் போய் நின்றான்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல ஊதச் சொன்னப்ப சிரிச்சீங்க மொதலாளி. இன்னைக்கு ஊதுறேன். டவலை எடுங்க, வாசம் வருதான்னு நீங்களே சொல்லுங்க."

உடையப்பன் டவலை எடுக்கவில்லை. எடுத்தால், சாராய வாசம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டிவரும். அப்போது நாசர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நேற்றுக் காலையில் கிணற்றடியில் தான் முணுமுணுத்தது அவன் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது. அழகுராஜா முன்னால் வந்து நின்று, என் மேல ஊது அப்பு என்றான்.

அழகுராஜா ஊதினான். நாசர் கண்ணை மூடி நிதானமாக மோந்து பார்த்துவிட்டு, கடைசியில் நிற்கிற ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"இஞ்சி டீ."